ஸ்ட்ராவும் மருந்துதான்

2020 நவம்பரில் நாம் எல்லோரும் கைபேசியில் ஒரு ஸ்ட்ரா படத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். நினைவிருக்கிறதா தோழர்களே? அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறோம். ஸ்டான் சாமி திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். வாழ்நாளில் பெரும்பகுதியை ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு கழித்தவர். விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர். பீமா கோரேகான் பக்கமே போயிராத அவரை பீமா கோரேகான் வழக்கில் சேர்த்து, 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சிக்கு அருகில் அவர் இருந்த பகாய்ச்சா இல்லத்தில் என்.ஐ.ஏ. கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயாளி.

கையில் டம்ளரைப் பிடிக்க முடியாததால் ஸ்ட்ராவும் சிப்பரும் வேண்டும் என்று நவம்பர் 6 அன்று அவர் நீதிமன்றத்தில் கேட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் வாங்கிக்கொண்டது. நவம்பர் 26 அன்று, அவருடைய ஸ்ட்ராவும் சிப்பரும் எங்களிடம் இல்லை என்று சொன்னது. நாடு முழுக்க ஆட்கள் ஸ்ட்ரா வாங்கி அனுப்பத் தொடங்கினார்கள்.

நாங்களும் கோபப்பட்டோம். பதாகை எழுதினோம். ஆனால் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பதாகையை எழுதிய எங்களில் ஒருவருக்கும் பார்க்கின்சன் என்றால் என்னவென்று தெரியாது. வயதானவர்களுக்குக் கை நடுங்கும், அவ்வளவுதான் எங்கள் அறிவு. அடுத்த ஆண்டு அதே நோய் ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே, தினமும் பார்த்துப் பேசும் ஒரு பெரியம்மாவுக்கு வந்திருந்தது. ஸ்டான் சாமிக்காகக் குரல் கொடுத்த நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றரை ஆண்டு கண்டுபிடிக்கவில்லை.

பெரியம்மாவின் பெயர் இங்கே வேண்டாம். மதுராந்தகம் பக்கத்துச் சேரியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அப்போது வயது 54. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் தொழிற்பேட்டையில், ஒரு நிறுவனத்தில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை. கழிப்பறைகள், கேன்டீன் தரை, குப்பை. பதினோரு வருடமாக அதே வேலை, நான்கு கான்ட்ராக்டர்கள்.

முதலில் மூக்கு போனது. சாம்பார் தீய்ந்தால்கூடத் தெரியவில்லை. அவர் அதை யாரிடமும் நோய் என்று சொல்லவில்லை. "மூக்கு செத்துப்போச்சு பாப்பா, நம்ம வேலைக்கு நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பார்க்கின்சன் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை உணர்வு மங்கக்கூடும் என்பதும், தீராத மலச்சிக்கலும் அப்படியே முன்னால் வரக்கூடும் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. கழிப்பறை கழுவும் ஒரு பெண் வாசனை தெரியாமல் போனதை வரம் என்று எடுத்துக்கொள்கிறார் என்றால், எந்த மருத்துவர் அந்த அறிகுறியைக் கேட்டு எழுதப்போகிறார்?

பிறகு வலது கை. நடுக்கம் இல்லை. மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான். மாப் பிழிய முடியவில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. நடக்கும்போது இடது கை வீசியது, வலது கை வீசவில்லை. நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதை நீங்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாவதும் உடம்பு விறைப்பதும்தான் இதன் அடிப்படை. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். குரல் தணியும், எழுத்து சிறுத்துக்கொண்டே போகும், முகத்தில் அசைவு குறையும். மருத்துவ நூல்கள் அதை முகமூடி முகம் என்கின்றன.

இங்கேதான் சாதி வருகிறது. ஒரு பேராசிரியர் மெதுவானால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். துப்புரவுப் பணியாளர் மெதுவானால் சோம்பேறி. ஒரு அதிகாரியின் முகம் அசையாமல் இருந்தால் ஏதோ யோசனையில் இருக்கிறார். நம் பெரியம்மாவின் முகம் அசையாமல் இருந்தபோது சூப்பர்வைசர் சொன்ன வார்த்தை, "திமிரைப் பாரு, திட்டினாக்கூட மூஞ்சில ஒண்ணும் காட்டமாட்டேங்குறா." கையில் டம்ளர் தளும்பினால் ஒரே சந்தேகம்தான், குடி. முதுகலை சமூகவியலில் டால்கட் பார்சன்ஸ் சொல்லும் நோயாளி என்ற சமூகப் பாத்திரம் பற்றிப் படித்துத் தேர்வு எழுதினோம். நோயுற்றவருக்குச் சமூகம் கடமைகளிலிருந்து விலக்கு தரும் என்கிறது அந்தக் கோட்பாடு. தினக்கூலிக்காரருக்கு அந்தப் பாத்திரத்தையே யாரும் தருவதில்லை என்பதை எங்களுக்குப் புரியவைத்தது ஊரப்பாக்கம்.

பெரியம்மா போன முதல் இடம் ஒரு சின்ன கிளினிக். நரம்புத் தளர்ச்சி என்றார்கள். சத்து ஊசி பத்து. எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சொன்னதும் சின்னரிசின் மாத்திரை எழுதினார்கள், மாதக்கணக்கில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சின்னரிசினும் ஃப்ளூனரிசினும் தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சாதாரணமாகத் தரப்படுபவை. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு இன்னொன்று. மனநோய்க்குத் தரும் சில மருந்துகளும் உண்டு. இவை எல்லாம் மூளையில் டோபமினின் வேலையைத் தடுப்பவை. நோயே இல்லாதவருக்கும் பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கக்கூடியவை, இருப்பவருக்கு அதை மோசமாக்குபவை. ஆகவே உங்கள் தெருவில் ஒரு தாத்தா திடீரென்று விறைத்து மெதுவானால், முதல் வேலை அவர் வீட்டு மாத்திரைப் பையை வாங்கிப் பார்ப்பது. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பையோடு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சிலருக்கு அந்த ஒரு மாத்திரையை மருத்துவர் நிறுத்தினாலே சில மாதங்களில் சரியாகிவிடும்.

பெரியம்மாவுக்கு அப்படிச் சரியாகவில்லை. 2023இல் நகரத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில், ஓர் இளம் மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார். அஞ்சு நிமிடம். ஒன்றரை ஆண்டாக யாரும் தொடாத கையை ஒருவர் தொட்டுப் பார்த்த அஞ்சு நிமிடம். எழுதிக் கொடுத்தது லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை.

இந்த மாத்திரையைப் பற்றித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையின் ஆழத்தில் டோபமினைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் பார்க்கின்சன். டோபமினை அப்படியே கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமினாக மாறும். வழியிலேயே மாறிவிட்டால் குமட்டலும் வாந்தியும்தான் மிஞ்சும் என்பதால், அதைத் தடுக்கத் துணைக்கு கார்பிடோபா. மாத்திரை அட்டையில் 110 என்று இருந்தால் 100 மில்லிகிராம் லெவோடோபா, 10 மில்லிகிராம் கார்பிடோபா என்று பொருள். நோயாளிகளுக்கு இது பலன் தரும் என்று நிரூபணமானது 1960களில். அறுபது ஆண்டாகியும் இதைவிட நன்றாக வேலை செய்யும் மாத்திரை வரவில்லை. நோயைக் குணப்படுத்தாது, அழிவதை நிறுத்தாது. ஆனால் கை வரும், கால் வரும், வாய் வரும். பெரியம்மாவுக்கு மூன்றாம் வாரம் ஜாக்கெட் கொக்கி மாட்ட வந்தது.

விலை? ஒரு மாத்திரை சில ரூபாய். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக் கட்டுப்பாடும் உண்டு. இன்னொரு செய்தி, சென்னைக்காரர்கள் பெருமைப்படலாம். பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவை 1937இல் பிரித்தெடுத்து எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும். அது எந்த நோய்க்கு ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இதைப் படித்துவிட்டு இணையத்தில் பூனைக்காலிப் பொடி வாங்கி மாத்திரையோடு கொடுத்துவிடாதீர்கள். பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று அட்டையில் இருக்காது. இரண்டும் சேர்ந்தால் அளவு மீறும்.

பெயருக்குரிய ஜேம்ஸ் பார்க்கின்சனைப் பற்றியும் ஒரு வரி. லண்டன் மருத்துவர், 1817இல் இந்த நோயை முதலில் விரிவாக எழுதியவர். அதற்கு முன்பே, எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சங்கத்தில் இருந்து புனைபெயரில் அரசை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர். மன்னரைக் கொல்லச் சதி என்று தோழர்கள் மீது போடப்பட்ட வழக்கில் 1794இல் அரசு அவரையும் அழைத்து விசாரித்தது. அந்தப் பெயரைக் கொண்ட நோயோடு ஒருவர் 2020இல் சதி வழக்கில் சிறைக்குப் போனதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

மருத்துவர் எழுதிக் கொடுத்ததோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. லெவோடோபா கடிகாரத்தின் மருந்து. சில மணி நேரம்தான் வேலை செய்யும். பெரியம்மாவுக்குக் காலை 7, பகல் 11, மாலை 3, இரவு 7. நோய் முற்ற முற்ற இந்த இடைவெளி குறுகும். ஒரு வேளை அரை மணி தாமதமானால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்த பிறகு ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசல் உங்களுக்குத் தெரியும். அதன் நடுவில் பெரியம்மாவின் கால் ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு மாலையை நாங்கள் பார்த்தோம். ஹாரன் அடித்தவர்கள் அத்தனை பேரும் குடித்திருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பகல் 11 மணி மாத்திரையை எப்படிப் போடுவது? பணி நேரத்தில் கைப்பை லாக்கரில் இருக்க வேண்டும், லாக்கர் சாவி சூப்பர்வைசரிடம். உணவு இடைவேளை 12.30. மாத்திரையோ உணவுக்கு அரை மணி முன்பாவது வயிற்றுக்குள் போக வேண்டும், ஏனென்றால் புரதமும் லெவோடோபாவும் ஒரே வழியில் முண்டியடித்து உள்ளே போகப் பார்க்கும். பெரியம்மா மாத்திரையைப் புடவை முடிச்சில் கட்டிக்கொண்டு போய் கழிப்பறையில் குழாய்த் தண்ணீரில் விழுங்கினார். ஒரு நாள் பார்த்துவிட்டார்கள். என்ன மாத்திரை, யாருக்கு விற்கிறாய் என்று விசாரணை. அந்த வாரமே நின்றுகொள்ளச் சொன்னார்கள். பதினோரு வருட வேலை.

புரதம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காத்திருப்போர் வரிசையில் யாரோ சொன்னார்கள், இந்த மாத்திரை சாப்பிட்டால் மாட்டுக்கறியை விட்டுவிட வேண்டுமாம். பெரியம்மா மூன்று மாதம் கறி, முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டு ஆறு கிலோ இளைத்துவிட்டார். தவறு. சாப்பாட்டையும் மாத்திரையையும் நேரத்தால் பிரித்தால் போதும். நோய் முற்றி மாத்திரையின் பலன் ஏறி இறங்கும் சிலருக்கு மட்டும், புரதத்தை இரவுக்குத் தள்ளும்படி மருத்துவர் சொல்லக்கூடும். அதுவும் தள்ளுவதுதான், விடுவதல்ல. நம் தட்டிலிருந்து கறியை எடுக்க ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பார்க்கின்சனையும் அவர்களோடு சேர்க்க வேண்டாம். உண்மையில் கவனிக்க வேண்டிய வேறொன்றை யாரும் சொல்லவில்லை. இரத்தசோகைக்கு நம் பெண்களுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை லெவோடோபாவோடு சேர்த்து விழுங்கினால் லெவோடோபா சரியாக உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். பெரியம்மா இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு வதந்தி இதைவிட ஆபத்தானது. லெவோடோபா ஐந்து வருடம்தான் வேலை செய்யும், அதனால் தள்ளிப்போடு, சேமித்து வை. படித்தவர்களும் சொல்கிறார்கள். சில ஆண்டுகளில் பலன் ஏறி இறங்குவதும், உடம்பு தானாக நெளிவதும் பலருக்கு வருவது உண்மை. ஆனால் அது எதனால்? ஆப்பிரிக்காவின் கானாவில் மருந்து கிடைக்காததால் தாமதமாகத் தொடங்கியவர்களையும், இத்தாலியில் சீக்கிரமே தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. நோய் தொடங்கி ஏறத்தாழ அதே காலத்தில்தான் இரு நாட்டினருக்கும் இந்தத் தொல்லைகள் வந்தன. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு மருந்து போகிறது என்பவைதான் கணக்கு, எத்தனை ஆண்டாக மருந்து சாப்பிடுகிறார் என்பதல்ல. தள்ளிப்போட்ட கானாக்காரருக்கு அந்த ஆண்டுகள் இயங்க முடியாமல் கழிந்தன, பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மருந்து எட்டாத ஒரு சமூகத்தின் உடம்பிலிருந்துதான் உலகம் இந்தப் பாடத்தையும் படித்தது என்பதை மறக்க வேண்டாம்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ட்ரைஹெக்ஸிஃபெனிடில் பழைய, மிக மலிவான மாத்திரை. நடுக்கத்துக்குக் கொஞ்சம் கேட்கும். ஆனால் முதியவர்களுக்கு மறதி, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல். மலிவு என்பதற்காக எழுபது வயதுப் பாட்டிக்கு அதை மட்டும் கொடுத்து அனுப்பினால் கேள்வி கேளுங்கள். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை டோபமினைப் போல நடிக்கும் மருந்துகள். இளம் வயதில் நோய் வந்தவர்களுக்கு இவற்றில் தொடங்குவதும் உண்டு. இவற்றின் பக்கவிளைவு வீட்டாருக்குத் தெரியாவிட்டால் குடும்பம் சிதையும். சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசை, வாங்கிக் குவிக்கும் ஆசை, பாலுணர்வு மிகுதல். மாத்திரை தொடங்கிய பிறகு அப்பா கைபேசியில் ரம்மி ஆடத் தொடங்கினால் அவர் குணம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீர்த் தூக்கமும் வரும், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் இதைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது. ரசஜிலின், செலிஜிலின், என்டகபோன் ஆகியவை டோபமினோ லெவோடோபாவோ சீக்கிரம் சிதையாமல் காப்பவை. உடம்பு நெளிவதற்கு அமன்டடின். மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை பல லட்சம், அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. இவற்றையெல்லாம் வரிசையாக முயன்று, அளவை ஏற்றி இறக்கிப் பார்க்க ஒரு நோயாளிக்கு வேண்டியது திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரே மருத்துவர்.

பெரியம்மாவுக்கு அது எப்படிக் கிடைத்தது? மாதம் ஒரு முறை ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ஏறி, ஒரு மணி நேர மின்சார ரயில் பயணம். கூட ஒரு ஆள். இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. போனால் சில மாதம் மாத்திரை முழுதாகக் கிடைக்கும், சில மாதம் பதினைந்து நாளுக்குத்தான் இருக்கும், மீதியை வெளியில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க முடியாத மாதத்தில் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டார். ஒரு முறை நான்கு நாள் அடியோடு போடவில்லை. ஐந்தாம் நாள் பலகை போல விறைத்து, காய்ச்சலோடு கிடந்தார். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வாரம் வீட்டுக்கு மாத்திரை வந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் சர்க்கரை மாத்திரை.

மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. ஸ்டான் சாமி இறந்து சரியாக ஒரு மாதம் கழித்து. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது, இயன்முறை மருத்துவரும் வருகிறார், படுக்கையில் கிடப்பவருக்கு ஆதரவு சிகிச்சையும் உண்டு. இந்தத் திட்டத்தில் கதவைத் தட்டும் பெண்களும் பெரும்பாலும் நம்மைப் போன்ற குடும்பங்களிலிருந்து வருபவர்கள்தான். அதே பையில் லெவோடோபாவையும் வைத்து அனுப்ப என்ன தடை? அறுபதாண்டுப் பழைய மருந்து, அத்தியாவசியப் பட்டியலில் இருக்கும் மருந்து, சில ரூபாய் மருந்து. 1995 முதல் மாநிலம் முழுவதற்கும் மருந்து வாங்கி விநியோகிக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நம்மிடம் இருக்கிறது. நோயைக் கண்டுபிடிப்பதும் அளவைத் தீர்மானிப்பதும் நரம்பியல் மருத்துவரின் வேலையாக இருக்கட்டும். தீர்மானித்த மாத்திரையை மாதாமாதம் கொண்டுவந்து சேர்ப்பதற்கு நரம்பியல் மருத்துவர் தேவையில்லை.

உரிமைகளும் இருக்கின்றன, நம் ஆட்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சன் பெயர் சொல்லி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தொழிலாளி என்றால் இன்னொன்று. சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள். அதற்கு மேல், 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை சராசரிக் கூலியில் 80 சதவீதம் தரும் நீட்டித்த உதவி இருக்கிறது. அந்த 34இல் பார்க்கின்சனும் ஒன்று. தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்குப் பதினோரு ஆண்டாகப் பிடித்தார்கள். ஆனால் ஒவ்வொரு கான்ட்ராக்டரும் புதுக் காப்பீட்டு எண் போட்டிருந்தார். நான்கு கான்ட்ராக்டர், நான்கு எண். தாளில் பார்த்தால் அவர் கடைசியாக வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. நான்கையும் ஒன்றாக்க அலைந்துகொண்டிருக்கிறோம். சட்டம் படிக்கும் தோழர்களே, இந்த வேலைக்கு எங்களுக்கு ஆள் தேவை. கருத்தரங்கு வேண்டாம், பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார ஆள். மாத உதவித்தொகை மட்டும் பத்து மாதம் நடந்த பிறகு வந்துவிட்டது.

மறுபடியும் தலோஜா சிறைக்கு வருகிறோம். அங்கிருந்து ஸ்டான் சாமி எழுதிய ஒரு கடிதத்தில் அருண் ஃபெரேரா தனக்குச் சாப்பிட உதவுகிறார், வெர்னன் கொன்சால்வ்ஸ் குளிக்க உதவுகிறார் என்று சொல்லியிருந்தார். கூட இருந்த ஏழைக் கைதிகள் துணி துவைத்துக் கொடுத்தார்கள், முழங்கால் பிடித்துவிட்டார்கள். அந்தச் சிறை மருத்துவமனையில் இருப்பவர்கள் ஆயுர்வேத மருத்துவர்கள் மட்டுமே என்று அவர் தரப்பு வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் சொன்னார். 2021 மே 21 அன்று காணொலி வழியாக நீதிபதிகளிடம் பேசியபோது, உள்ளே வரும்போது தானே நடந்ததையும் குளித்ததையும் சாப்பிட்டதையும், அவை ஒவ்வொன்றாகப் போய்விட்டதையும் ஸ்டான் சாமி எடுத்துச் சொன்னார். ஜூலை 5 அன்று இறந்தார்.

ஸ்ட்ராவை நாம் அன்று மனிதநேயத்தின் சின்னமாகப் பார்த்தோம். இப்போது எங்களுக்கு அது மருத்துவச் சீட்டில் எழுதப்படாமல் விடுபட்ட ஒரு வரியாகத் தெரிகிறது. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், டம்ளரைப் பிடிக்க முடியாதவருக்கு ஸ்ட்ரா இல்லாவிட்டால் மாத்திரையும் இல்லை. பெரியம்மாவுக்கு அந்த ஸ்ட்ரா, லாக்கர் சாவி. பகல் 11 மணிக்கு ஐந்து நிமிடம். மாதத்துக்கு ஒரு நாள் கூலியோடு விடுப்பு. பைக்குள் இன்னொரு மாத்திரை அட்டை.

2024 அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதினோம். வீட்டுக்கு வரும் மருந்தில் பார்க்கின்சன் மாத்திரையைச் சேர்க்க வேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு மாத மருந்து தர வேண்டும், கதவைத் தட்டும் பணியாளர்களுக்கு இந்த நோயின் அறிகுறிகளைச் சொல்லித்தர வேண்டும். மனுவைப் பதிந்தவர் பொருள் என்ற இடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று எழுதினார். அதை அடித்துவிட்டுப் பார்க்கின்சன் என்று எழுத வைத்தோம்.

முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், கைநாட்டு வைக்க மாட்டார். முந்தின நாள் மனுவை எடுத்துக்கொண்டு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டோம்.

"பதினோரு மணிக்கு மாத்திரை போடுவேன் பாப்பா. பன்னெண்டுக்கு வாங்க, எழுத்து பெருசா வரும்."